பழைய 400 மி.மீ. லென்ஸில் நான்கு வருடம்

பஞ்சுருட்டான் காய்ந்த குச்சியிலிருந்து எழும்பிப் போய், ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் அதே குச்சிக்குத்தான் திரும்பி வரும். அது போயிருக்கும் நேரத்தில் குச்சியின் நுனியை வியூஃபைண்டரில் பெரிதாக்கி, பட்டையின் வெடிப்பு தெளிவாகத் தெரியும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி வைத்துவிடுவேன். அப்புறம் வளையத்திலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். பறவை வந்து உட்கார்ந்ததும் கை தானாக வளையத்துக்குப் போகும், கொஞ்சம் திருப்பும், இருந்த ஃபோகஸும் போய்விடும். அப்படிப் போகாமல் கையைக் கட்டி வைக்கப் பழகுவதற்கே எனக்கு ஒரு வருடம் ஆனது.

லென்ஸ், தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டும் கேனன் நியூ எஃப்டி 400 மி.மீ. எஃப்/4.5. 1980களின் சரக்கு. மோட்டார் கிடையாது, கேமராவோடு பேசும் மின்முனைகள் கிடையாது, அதிர்வைக் குறைக்கும் ஏற்பாடும் கிடையாது. கண்ணாடி, உலோகம், இரண்டு வளையங்கள், அவ்வளவுதான். இதை ஒரு ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராவில் அடாப்டர் போட்டு நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

இந்த எஃப்டி லென்ஸ்கள் பல வருடம் யாருக்கும் வேண்டாத பொருளாகக் கிடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1971இல் வந்த எஃப்டி அமைப்பில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 42 மி.மீ. தூரம். 1987இல் கேனனின் ஈஓஎஸ் கேமரா வரிசையோடு வந்த ஈஎஃப் அமைப்பில் அது 44 மி.மீ. ஆகவே பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டினால் இருக்க வேண்டிய இடத்தைவிட 2 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கும். கிட்டத்தில் உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது ஒருபோதும் தெளியாது. இடையில் கூடுதல் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் வந்தன. ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடி பெரிய லென்ஸின் தரத்தைக் குறைத்துவிடும். 2008இல் பானசோனிக் ஜி1 வந்து, கேமராவுக்குள் ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் பிரதிபலிப்புக் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் போனபிறகுதான் நிலைமை மாறியது. இப்போதைய ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராக்களில் அந்தத் தூரம் சோனியில் 18, கேனன் ஆர்எஃப்பில் 20, நிக்கான் இசட்டில் 16 மி.மீ.தான். மிச்சத் தூரத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடும். அடாப்டர் என்று நாம் வாங்குவது அந்தக் குழாயைத்தான்.

ஆனால் அந்தக் குழாய் என்னை ஒரு வாரம் முட்டாளாக்கியது. எஃப்டி அடாப்டரில் ஒரு வளையம் இருக்கும். ஒரு பக்கம் ‘ஓபன்’, மறுபக்கம் ‘லாக்’. லாக் பக்கம் திருப்பினால்தான் அடாப்டரின் உள்ளே இருக்கும் முள் லென்ஸின் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) நெம்புகோலைப் பிடிக்கும். நான் ஓபனிலேயே விட்டுவிட்டேன். அபெர்ச்சர் வளையத்தை எஃப்/8இல் (எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்துக்கொண்டு, “எஃப்/8இலும் இவ்வளவு மங்கலாகவா இருக்கும்?” என்று லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அத்தனை படமும் எஃப்/4.5இல் எடுத்தவை. படத்தோடு பதிவாகும் தகவலில் அபெர்ச்சர் இடம் காலியாக இருப்பதால் பிறகு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஒருநாள் தற்செயலாக முன்பக்கமாக லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். வளையத்தைத் திருப்பினேன், உள்ளே இதழ்கள் அசையவே இல்லை. அன்றிலிருந்து மாட்டியவுடன் முதல் வேலை உள்ளே எட்டிப் பார்ப்பதுதான்.

அடாப்டரைப் பற்றி இன்னொன்று. பல அடாப்டர்கள் வேண்டுமென்றே இம்மியளவு குட்டையாகச் செய்யப்பட்டிருக்கும். ஃபோகஸ் முடிவிலிக்கு, அதாவது மிகத் தூரத்துக்கு, எட்டாமல் போவதைவிடத் தாண்டிப் போவது மேல் என்ற கணக்கு. அதனால் தூரத்துப் பறவைக்கு வளையத்தைக் கடைசிவரை முட்டத் திருப்பிவிட்டுப் படம் எடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாந்தோம். என் லென்ஸில் முட்டும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் உண்மையான முடிவிலி. ஒரு துளி வெள்ளைப் பெயின்ட் வைத்து அடையாளம் செய்திருக்கிறேன்.

கேமராவில் செய்ய வேண்டியவை இரண்டு. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும் என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கேமரா இந்த லென்ஸை லென்ஸாகவே மதிக்காது. சென்சாரை அசைத்து அதிர்வைக் குறைக்கும் வசதி இருந்தால் குவியத் தூரம் 400 என்று நாமே சொல்லித் தர வேண்டும். முந்தின நாள் 50 மி.மீ. பழைய லென்ஸைப் போட்டுவிட்டு அந்த எண்ணை மாற்ற மறந்து போன காலைகள் என் கணக்கில் மூன்று. கை பத்தில் ஒரு டிகிரி ஆடினால் 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் சென்சார் மேல் 0.09 மி.மீ. நகரும், 400 மி.மீ.யில் 0.7 மி.மீ. நகரும். 50க்கான அளவில் சென்சார் அசைந்து கொடுத்தால் எட்டில் ஒரு பங்குதான் சரியாகும். மற்றபடி அந்த வசதியால் எனக்குப் பெரிய லாபம் குறி பார்க்கும்போது வியூஃபைண்டர் ஆடாமல் நிற்பதுதான். படத்துக்கு நான் நம்புவது ஷட்டர் வேகத்தை. உட்கார்ந்த பறவைக்கு 1/500 விநாடி, அசைந்தால் 1/1000, பறந்தால் 1/2000. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) ஏறினால் ஏறட்டும்.

சரி, ஃபோகஸுக்கு வருவோம். எல்லாரும் கேட்பது அதைத்தான்.

ஐந்து மீட்டர் தூரத்தில் எஃப்/5.6இல் இந்த லென்ஸுக்குத் தெளிவு கிடைக்கும் ஆழம் சுமார் 5 செ.மீ. வெண்தொண்டை மீன்கொத்தியின் அலகே ஏறக்குறைய அந்த நீளம் இருக்கும். கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் அலகின் நுனி தப்பலாம், வால் தப்பவே தப்பாது. பத்து மீட்டருக்குப் போனால் ஆழம் 20 செ.மீ. ஆகிறது, மூச்சு விடலாம். கிட்டப் போவதுதான் நல்ல படம் என்று முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தேன். இப்போது சின்னப் பறவைக்கு ஏழெட்டு மீட்டரை நானே தேர்ந்தெடுக்கிறேன். பறவைக்கும் அது நிம்மதி.

ஃபோகஸ் பீக்கிங் என்று கேமராவில் விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் வசதி ஒன்று உண்டு. பூக்களுக்கும் கட்டடங்களுக்கும் அருமையானது. 400 மி.மீ.யில் அது பொய் சொல்லும். கண்ணுக்குப் பக்கத்திலுள்ள இறகு சிவப்பாக மின்னும், படம் எடுப்போம், வீட்டுக்கு வந்து பார்த்தால் தோள்பட்டை தெளிவாக இருக்கும், கண் பஞ்சுபோல இருக்கும். உணர்திறனை ஆகக் குறைவில் வைத்தால் ஓரளவு நம்பலாம். நான் அதை அணைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கும் பொத்தானைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பெரிதாக்கும்போது பறவை சட்டகத்தை விட்டுத் தொலைந்துபோகும் என்பது இதன் சிக்கல். அதனால்தான் முதலில் சொன்ன குச்சி வித்தை: பறவை இல்லாதபோதே பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வது.

குச்சி அமையாத இடத்தில், வளையத்தை மெல்ல உருட்டிக்கொண்டே நாலைந்து படம் தொடர்ந்து எடுப்பேன். ஃபோகஸ் கண்ணைக் கடந்து போகும் வழியில் ஏதாவது ஒரு படம் மாட்டும். மான், குரங்கு, நாரை போன்று நின்று நிதானிக்கும் உயிர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. புள்ளிமான் தலை தூக்கிப் பார்த்தால் இரண்டு மூன்று விநாடி அப்படியே நிற்கும். இந்த லென்ஸின் ஃபோகஸ் உள்ளுக்குள்ளேயே நகர்வதால் குழல் நீளாது, வளையமும் இரண்டு விரலுக்கே சுழலும். இரண்டு விநாடி தாராளம்.

பறக்கும் பறவை வேறு கதை. வட்டமடிக்கும் பருந்து தூரத்தில் இருப்பதால் வளையத்துக்கு அதிக வேலை இல்லை. நேராக நம்மை நோக்கி வரும் பறவைக்கு முன்கூட்டி ஒரு தூரத்தில் ஃபோகஸை வைத்துவிட்டு, அது அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துவது பழைய ஃபிலிம் காலத்து வழக்கம். அதையே நம்பி ஒரு மாதம் கொக்குகள் கூடடையும் வழியில் நின்றேன். கிடைத்தது மிகச் சொற்பம். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் கொக்கு 20 செ.மீ. ஆழத்தை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கில் கடந்துவிடும். என் கேமரா விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கிறது என்றால் இரண்டு படங்களுக்கு இடையில் கொக்கு ஒரு மீட்டர் வந்துவிடுகிறது. ஐந்து தடவை வந்தால் ஒரு தடவை மாட்டும், அதுவும் நான் வைத்த தூரத்தை அது சரியாகக் கடந்தால். கணக்கு தெரிந்தபின் மனது ஆறிவிட்டது. இப்போது பக்கவாட்டில் கடக்கும் கொக்குகளை மட்டும் எடுக்கிறேன். தூரம் அதிகம் மாறாது. வளைந்து வளைந்து வேகமாகப் பறக்கும் தகைவிலான் பக்கம் கேமராவைத் திருப்புவதே இல்லை.

வெள்ளைக் கொக்கு என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்தில் சாதாரணக் கண்ணாடியால் செய்த நெடுந்தூர லென்ஸ்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், வெளிச்சமான விளிம்பில் ஊதாக் கோடு விழுவது. எல்லா நிற ஒளியும் ஒரே புள்ளியில் குவியாததால் வருவது. ஃப்ளோரைட் படிகத்தாலும் சிறப்புக் கண்ணாடிகளாலும் அதைக் குறைத்த லென்ஸ்கள் அன்றே இருந்தன. கேனனே 1969இல் ஃப்ளோரைட் வைத்த 300 மி.மீ. ஒன்றைக் கொண்டு வந்தது. பின்னாளில் சிவப்பு வளையம் போட்டு வந்தவை அந்த வகை. என்னுடையது அந்த வளையம் இல்லாதது. கரிய நீருக்கு எதிரே வெயிலில் நிற்கும் கொக்கின் கழுத்தோரம் ஊதா தெரியும். அபெர்ச்சரை ஒரு படி மூடினால் பாதி குறைகிறது. வெயிலுக்கு முந்தின வெளிச்சத்தில் எடுத்தால் கண்ணில் படுவதே இல்லை. வெயில் ஏறியபின் எப்படியும் தரையிலிருந்து கிளம்பும் கானல் படத்தை நெளிய வைத்துவிடும், அதை எந்த விலை லென்ஸாலும் தடுக்க முடியாது. ஆகவே காலை எட்டரைக்குமேல் மூட்டை கட்டிவிடுகிறேன்.

எடை ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். கையில் பிடித்து அரை மணி நேரம் தாங்கலாம். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இருந்தால் நலம். அதைக் கேமராவின் அடியில் மாட்டாதீர்கள், லென்ஸிலேயே அதற்கென இருக்கும் காலர் வளையத்தில் மாட்டுங்கள். இல்லையென்றால் மொத்த எடையையும் அந்தக் குழாய்தான் சுமக்கும். இடையிடையே அடாப்டரின் திருகுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஒருமுறை ஒரு திருகு கழன்று பையின் அடியில் கிடந்தது.

ஒரு நண்பரின் புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸை ஒரு காலை முழுக்க வைத்திருந்தேன். பறவையின் கண்ணில் ஒரு சின்னச் சதுரம் ஒட்டிக்கொண்டு விடவே இல்லை. நான் நான்கு வருடத்தில் எடுக்க முடியாத தகைவிலானை நாற்பது நிமிடத்தில் எடுத்தேன். பறக்கும் பறவைதான் உங்கள் ஆசை என்றால் சந்தேகமே வேண்டாம், இந்தப் பழசு உங்களுக்கு ஆகாது. ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரப் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கும்போது முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். தூசி பரவாயில்லை. சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். நான் முதலில் வாங்கிய லென்ஸில் அது இருந்தது; விற்றவர் தூசி என்றார், நானும் தலையாட்டினேன். மூன்று மாதத்தில் படமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. இப்போதுள்ளது மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு தூங்குகிறது.

சமீபத்தில் வளையம் குளிர்ந்த காலைகளில் இறுகுகிறது. உள்ளே நாற்பது வருடக் கிரீஸ். வெயில் பட்டால் இளகிவிடும், ஆனால் எனக்கு வேலை வெயிலுக்கு முன்னால்தானே. பிரித்துத் துடைக்கக் கொடுக்க வேண்டும், ஒரு மாதமாவது கைவிட்டுப் போகும். பஞ்சுருட்டான்கள் அந்தக் குச்சியை விட்டு இடம் மாறட்டும் என்று தள்ளிப்போட்டு வருகிறேன்.