எழுத்து வரிசையா, வீட்டுச் சொல்லா?

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பள்ளிவாசலும் நடந்தே போய்விடும் தொலைவில் இருக்க, அங்குள்ள தொடக்கப்பள்ளி வகுப்புகளில் பல சமயக் குழந்தைகள் அருகருகே அமர்கிறார்கள். அவர்களுக்கு 247 எழுத்துகளையும் வரிசையாகக் கற்பித்து, சமய நல்லிணக்கத்தை நீதிபோதனை வகுப்புக்கு ஒதுக்குவது ஒரு முறை. மற்றொன்று, ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, 'படம்', 'மடம்' எனச் சொற்களுக்கு விரைந்து சென்று, பொங்கலுக்கும் ரமலானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தன் வீட்டில் நடப்பதைக் குழந்தையே சொல்ல, ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதும் சேர்ந்து வாசிப்பது. இரண்டாவதே சிறந்தது என்று உறுதியாக நினைக்கிறேன். தோழியின் வீட்டு நோன்புக் கஞ்சியைப் பற்றி வாசிக்கும் குழந்தைக்கு எழுத்தும் மரியாதையும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஆயினும் ல, ள, ழ வேறுபாட்டுக்கு முதல் முறையின் பொறுமையான பயிற்சியைக் கைவிடலாகாது.