வெயிலில் லென்ஸ் ஹூட்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

லென்ஸ் ஹூட் என்பது, ஓரத்திலிருந்து வரும் வெயில் கண்ணாடியில் விழாமல் இருக்க லென்ஸின் முன்னால் மாட்டுகிற மறைப்பு. என்னிடம் இருப்பது கேனான் 700டி கேமரா. அதோடு வந்த 18-135 எஸ்டிஎம் லென்ஸும், பிறகு வாங்கிய 55-250 எஸ்டிஎம்மும்தான் சில வருடங்களாக என் பையில். இரண்டுக்குமே பெட்டிக்குள் ஹூட் கிடையாது. விலை உயர்ந்த எல் வரிசை லென்ஸ்களோடு ஹூட் தருகிற கேனான், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் லென்ஸ்களுக்கு அதைத் தனியாகத்தான் விற்கிறது. முதலாவதுக்கு ஈடபிள்யூ-73பி, இரண்டாவதுக்கு ஈடி-63.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 55-250-க்கு ஹூட் இல்லாமல் வெயிலில் இறங்கவே கூடாது. 18-135-க்கு அது பாதி வேலைதான் செய்யும், மீதியை நம் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரணம் எளிது. 18-135 லென்ஸ் ஜூம் செய்யாத 18-ல் மூலைக்கு மூலை சுமார் 74 டிகிரி பார்க்கிறது, முழுக்க ஜூம் செய்த 135-ல் 12 டிகிரிக்கும் குறைவு. ஹூட்டோ ஒன்றுதான். 18-ல் படத்தின் மூலையில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அதைக் குட்டையாக, இதழ் இதழாக வெட்டியிருக்கிறார்கள். படம் செவ்வகம் என்பதால் மேலும் கீழும் நீளமான இதழ், பக்கங்களில் சிறியது, மூலைகளுக்கு நேரே பள்ளம். அதே ஹூட்டைப் போட்டுக்கொண்டு 135-க்குப் போனால், தேவையானதில் கொஞ்சம்தான் நிழல் கிடைக்கும். 55-250 எங்கே வைத்தாலும் பார்வை குறுகலானது. அதனால் அதற்கு நீளமான குழாய் மாதிரி ஹூட் போட முடிகிறது.

வெயில் அதிகம் என்றால் உச்சி வெயில்தான் நினைவுக்கு வரும். லென்ஸுக்கு அது அவ்வளவு பெரிய எதிரி இல்லை. கேமராவை நேராகப் பிடித்தால் பன்னிரண்டு மணி சூரியன் தலைக்கு மேலே இருக்கும், முன் கண்ணாடியில் நேராக விழாது. (கோயில் கோபுரத்தை அண்ணாந்து எடுக்கும்போது கதை வேறு.) தொல்லை தருவது காலையிலும் மாலையிலும் படத்துக்குச் சற்று வெளியே நிற்கும் சூரியன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் காலையில் உள்ளே நுழைகிற பக்கத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். சூரியன் கடல் பக்கம், கோயிலுக்குப் பின்னால். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் சூரியன் இல்லை, ஆனால் கண்ணாடியில் வெயில் விழுகிறது. அந்த வெளிச்சம் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளில் பட்டுச் சிதறி, படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுப்பைப் பரப்பும். சிற்பங்களின் இடுக்கில் கருப்பாக இருக்க வேண்டிய நிழல் சாம்பலாகிவிடும். படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில், கருப்புக்கான இடது ஓரம் காலியாகக் கிடக்கும். கணினியில் கான்ட்ராஸ்ட் ஏற்றிச் சமாளிக்கலாம்தான், ஆனால் வெளுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு மூலையைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்.

அங்கே ஒன்பது மணி வாக்கில் 55-250-க்கு ஹூட் மட்டுமே போதும். ஏழு மணிக்குப் போதாது. இதை எப்படித் தெரிந்துகொள்வது? கேமராவை எடுக்கப்போகும் திசையில் பிடித்தபடி, தலையை முன்னால் நீட்டி லென்ஸின் கண்ணாடியைப் பாருங்கள். அதில் வெயில் விழுந்தால் ஹூட் எட்டவில்லை என்று அர்த்தம். இடது கையையோ தொப்பியையோ சூரியன் பக்கம் நீட்டி, அதன் நிழல் கண்ணாடியை மூடும்படி வைக்க வேண்டும். வியூஃபைண்டரில் கான்ட்ராஸ்ட் சட்டென்று ஏறுவது கண்ணுக்கே தெரியும். ஒரு எச்சரிக்கை: 700டி-யின் வியூஃபைண்டர் படத்தில் சுமார் 95 சதவீதத்தைத்தான் காட்டும். வியூஃபைண்டரில் தெரியாத விரல் நுனி படத்தில் எட்டிப் பார்க்கும். லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையில், ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது.

வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்றும் இல்லை. தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தித் தண்ணீரில் மின்னுகிற சூரியன் கீழிருந்து லென்ஸைக் குத்தும். கையால் மேலே மறைத்து அங்கே பயனில்லை. சுற்றிலும் மறைக்கிற குழாய் ஹூட்டின் அருமை அங்கேதான் தெரியும்.

சூரியனே படத்துக்குள் இருந்தால் ஹூட்டால் ஒன்றும் ஆகாது. அப்போது கண்ணாடியைத் துடைத்து, லென்ஸின் பாதுகாப்புக்காக முன்னால் மாட்டுகிற யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுவதுதான் வழி. மலிவான ஃபில்டர் தானே ஒரு பிரதிபலிப்பைச் சேர்க்கும். பாதுகாப்புக்கு ஃபில்டரா ஹூட்டா என்று கேட்பவர்களிடம் நான் ஹூட்டைத்தான் பரிந்துரைப்பேன். கூட்டத்தில் இடிபடும்போதும் அடி முதலில் அதன் விளிம்பில்தான் விழும்.

சில நேரம் கழற்றவும் வேண்டும். கேமராவிலேயே இருக்கும் ஃப்ளாஷைப் போட்டால், படத்தின் கீழே அரைவட்ட நிழல் விழும். ட்ரைபாடில் கடற்கரைக் காற்றுக்கு எதிரே நீண்ட எக்ஸ்போஷர் வைக்கும்போது ஹூட் காற்றை வாங்கி ஆட்டும். பளபளப்பைக் குறைக்க முன்னால் மாட்டுகிற போலரைசர் ஃபில்டரைத் திருப்ப வேண்டுமானாலும் ஹூட் இடைஞ்சல்தான். நான் கழற்றித் திருப்பிவிட்டு மறுபடி மாட்டுவேன். மற்றபடி என் ஹூட்கள் எப்போதும் லென்ஸிலேயே இருக்கின்றன. தலைகீழாக மாட்டிய ஹூட்டோடு வெயிலில் படமெடுப்பவர்களைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கை பரபரக்கும். சுமையும் சுமந்து, ஜூம் வளையத்தையும் மறைத்துக்கொண்டு, நிழலும் இல்லாமல் என்ன லாபம்?

அப்புறம், டூப்ளிகேட் ஹூட். 18-135-க்கு முதலில் ஆன்லைனில் ஒரு மலிவான ஹூட் வாங்கினேன். கொஞ்ச நாளில் பூட்டும் இடம் தளர்ந்து, நடக்கும்போதே தானாகச் சுழல ஆரம்பித்தது. வட்ட ஹூட் சுழன்றால் பரவாயில்லை, இதழ் ஹூட் சுழன்றால் நீள இதழ் மூலைக்கு வந்து படத்தில் கருப்பாக நிற்கும். உள்பக்கமும் பளபளப்பு, அதுவே வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. இப்போது இருப்பது ஒரிஜினல். இன்னும் க்ளிக் என்று பூட்டுகிறது. கடற்கரை மணல் பூட்டுப் பள்ளத்தில் சேர்ந்தால் மட்டும் கரகரக்கும், பழைய பல்துலக்கியால் தட்டிவிடுவேன். டூப்ளிகேட்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், லென்ஸை 18-ல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து நான்கு மூலைகளையும் பாருங்கள். இருண்டிருந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.