மேடை சண்டை ஒர்க்‌ஷாப் போகலாமா? தாராளமா போங்க

சென்னைல நாடக நடிகர்களுக்குன்னே நடத்துற மேடை சண்டை ஒர்க்‌ஷாப் ஒண்ணுக்கு போய்ட்டு வந்தேன், சினிமா ஸ்டண்ட் மாதிரியான்னு நிறைய பேர் கேக்குறாங்க. இல்லங்க, அது வேற இது வேற. சினிமால கேமரா ஆங்கிள் காப்பாத்திடும், சரியா வரலன்னா இன்னொரு டேக் போலாம், மேடைல ஒவ்வொரு ஷோவுக்கும் அதே அடிய அதே ஆளுக்கு குடுக்கணும், அவருக்கு ஒரு கீறல் விழக்கூடாது, ஆனா கடைசி வரிசைல இருக்கறவரு ஐயோன்னு பதறணும்.

முதல்ல கன்னத்துல அறையறது. கைய முழுசா நீட்டினாலும் முகத்த தொட முடியாத தூரத்துல நிக்க வெக்கிறாங்க, கண்ண பாத்து அவர் ரெடின்னு தெரிஞ்சப்புறம்தான் கை கிளம்பணும், கை காத்துல போகுது, அந்த பளார் சத்தம் வர்றது அடி வாங்கறவர் கிட்டருந்து, ஆடியன்ஸ் கண்ணுக்கு படாம இடுப்புகிட்ட ஒரு கைதட்டு, அவ்ளோதான். மூணு பக்கமும் ஆளுங்க உக்கார்ற அரங்குல இது அப்படியே செல்லாது, யாருக்கு எது தெரியும்னு பாத்து சீனையே திருப்பி போடணும், அதையும் சொல்லி குடுத்தாங்க.

முடிய புடிச்சு இழுக்கற சீன் இன்னும் அருமை. இழுக்கறவர் முஷ்டிய மூடி தலை மேல வெச்சா போதும், மாட்டினவர்தான் அந்த கைய ரெண்டு கையாலயும் தன் தலையோட அழுத்தி புடிச்சிட்டு தானா நகர்றாரு. பிடி முழுக்க அடி வாங்கறவர் கைல, மாஸ்டர் இத சொல்லி சொல்லியே மண்டைல ஏத்திட்டாரு. "ஃபீல் பண்ணி அடிடா"ன்னு நிஜமாவே அறைய விடற டைரக்டர் யாராவது இருந்தா தயவுசெஞ்சு இத ஒரு தடவ வந்து பாருங்க சார், அறை வாங்குற பொண்ணு மறுநாளும் நடிக்கணும்.

சிலம்பம் தெரிஞ்சவங்களுக்குத்தான் கம்பு பகுதி கஷ்டமா இருந்துச்சு, குறி பாத்து அடிச்சே பழகின கை, இங்க உடம்பத் தாண்டி வெளிய குறி வெக்கணும். அந்த பகுதிய கடைசில அவசர அவசரமா முடிச்சது எனக்கு பெரிய குறை. விழுந்து உருள்றதுக்கு போட்ட மேட்டும் மெலிசு, கீழ சிமெண்ட் தரை, முட்டிக்கு பேட் வாங்கிட்டு போங்க.

சர்டிபிகேட்ட நம்பி போகாதீங்க. அமெரிக்கால 1977லருந்து இதுக்குன்னே சொசைட்டி ஆஃப் அமெரிக்கன் ஃபைட் டைரக்டர்ஸ் இருக்கு, 8 வகை சண்டைக்கு தனித்தனியா டெஸ்ட், பாஸ் பண்ணாலும் 3 வருஷம்தான் செல்லும். இங்க கலந்துக்கிட்டதுக்கு ஒரு பேப்பர் தர்றாங்க, அவ்ளோதான்.

இன்னொண்ணு, ஒவ்வொரு ஷோவுக்கு முன்னாடியும் சண்டைய மெதுவா ஒரு தடவ ஓட்டி பாக்கணும்னாங்க, நூறாவது ஷோவா இருந்தாலும். அதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பாடம் தெரிஞ்சிருக்கணும், அதனால சீன்ல உங்கள அடிக்கறவரையும் கையோட கூட்டிட்டு போய் சேருங்க.