கார்புரேட்டர் ரேஸ் காருக்கு எலக்ட்ரிக் பம்ப் மாட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோவையில் ரேஸ் கார் வேலைக்கென்றே பெயர் சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டக் கொடுத்தேன். பணம் போனது, ஒரு ரேஸும் போனது. கார் எரியாமல் தப்பியதே பெரிய விஷயம். ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இந்த ஏமாற்று வேலையைப் பிடித்துவிடலாம்.

கார் பழைய கார்புரேட்டர் எஸ்டீம், 1.3 லிட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கம்பெனி கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர் போட்டிருக்கிறேன். இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப் சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கிறது. வெயில் நாளில் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் சில சுற்று வேகமாக ஓட்டினாலே அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, நேர்ப்பாதையில் இழுவை விட்டுப்போகும். டேங்க் பக்கம், தாழ்வாக, ஒரு எலக்ட்ரிக் பம்ப் வைத்தால் தீரும். பம்புக்கு உறிஞ்சுவதை விடத் தள்ளுவதுதான் சுலபம்.

பேசியது இதுதான்: வெபருக்கு ஏற்ற குறைந்த அழுத்த பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், எஞ்சின் நின்றால் பம்புக்குக் கரண்டை வெட்டும் ரிலே, மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச், கேபினுக்குள் போகும் இடத்தில் கம்பிப் பின்னல் ஹோஸ். அத்தனைக்கும் காசு வாங்கினார்கள். பில்லில் மட்டும் ‘ஃபியூவல் பம்ப் செட்’ என்று ஒரே வரி.

வண்டியை எடுத்த நாளிலிருந்தே பெட்ரோல் வாடை. ஐடிலில் திணறும், சூடாக நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, பிளக்கைக் கழற்றினால் கறுத்து நனைந்திருக்கும். கேட்டதற்கு, “வெபர்னா கொஞ்சம் அப்படித்தானுங்க தம்பி, ஜெட் மாத்தினா சரியாயிடும்” என்றார் ஒர்க்‌ஷாப்காரர். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை. அதை மாற்றினார்கள், அதற்குத் தனி பில். அப்புறம் நீடில் வால்வ் மாற்றினார்கள், அதற்கும் பில். வாடை போகவில்லை. என்னை அதிகம் கோபப்படுத்துவது இந்தக் கட்டம்தான். தாங்கள் மாட்டிய பம்பைச் சந்தேகிக்காமல், நன்றாக இருந்த கார்புரேட்டரைக் குறை சொல்லிக் காசு பார்த்தார்கள்.

வெபர் டிசிஓஇக்கு சுமார் 3 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) போதும். மிதவை மேலே வந்து நீடில் வால்வை அடைக்கும்போது பெட்ரோல் நிற்க வேண்டும். அழுத்தம் கூடினால் நீடில் தோற்றுவிடும், மிதவை அறை நிரம்பி வழியும். வழிந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கும், ஆயில் நீர்த்து பேரிங் கெடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். சூடான எஞ்சின் மேல் வழிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் ரேஸ் அன்று காலை, ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் மாட்டியது. எஞ்சினை நிறுத்தி இக்னிஷனை மட்டும் ஆனில் வைக்கச் சொன்னார் ஸ்க்ரூட்டினியர். பம்ப் நிற்காமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்டார்ட் செய்யும் நேரம் தவிர, எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடக் கூடாது என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு வருத்தமாக இருந்தது. இப்போது அவருக்கு மனமார நன்றி சொல்கிறேன்.

வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம். ரெகுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு டி (T) இணைப்பு வைத்து அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினோம். ரெகுலேட்டர் டயல் 2½-ல் இருந்தது. பம்பை ஆன் செய்ததும் கேஜ் 3 காட்டியது, பிறகு மெல்ல ஏறி 7-ல் போய் நின்றது. மலிவு டயல் ரெகுலேட்டர்களின் கோளாறே இதுதான். பெட்ரோல் ஓடும்போது ஒழுங்காகக் காட்டும், நீடில் அடைத்ததும் பம்பின் முழு அழுத்தத்தையும் உள்ளே விட்டுவிடும். பம்பில் கம்பெனி பெயரே இல்லை. ரிலே இல்லை, பம்புக்குக் கரண்ட் இக்னிஷன் ஒயரிலிருந்து நேராக வந்தது. இனர்ஷியா சுவிட்ச் இருந்தது, ஆனால் அதில் ஒயரே இணைக்கவில்லை! கம்பிப் பின்னல் ஹோஸுக்குப் பதில் சாதாரண ரப்பர் ஹோஸ், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்காத ஹோஸ் சீக்கிரமே வெடிப்பு விடும்.

இந்த வேலைக்குக் கொடுப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் கேஜ் மாட்டி, எஞ்சின் ஓடாமல், சோதனைக்காக மட்டும் பம்பை ஓடவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். முள் 3 பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். இனர்ஷியா சுவிட்சைக் கையால் தட்டிப் பம்ப் நிற்கிறதா என்று பாருங்கள். பில்லில் ஒவ்வொரு சாமானும் தனி வரியாக, பிராண்டோடு இருக்கட்டும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப்பையே மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே வண்டியை எடுத்துவிடுங்கள், அது 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும்.

பம்ப் காசை மட்டும் நீண்ட இழுபறிக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். கூலியும் ஜெட், நீடில் காசும் வரவில்லை. அதே இடத்தில் இதே செட் மாட்டிய இன்னும் சில கார்கள் ஓடுகின்றன. எனக்குத் தெரிந்தவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். தெரியாதவர்கள் அடுத்த முறை ட்ராக்கில் இறங்கும் முன் தயவுசெய்து கேஜ் மாட்டிப் பாருங்கள். கேஜ் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், என்னுடையதைத் தருகிறேன்.