பள்ளிக்கரணை: மனைக்கு மனை மதிப்பீடா, மாஸ்டர் பிளானிலேயே மதிப்பீடா?

சென்னையின் தெற்கே உள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி அடுக்குமாடி வரலாமா, வந்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று இரண்டு கட்டங்களில் மதிப்பிட்டுக் கேட்கலாம். கட்டுநர் நிலம் வாங்கி, வரைபடத்தோடு அனுமதிக்கு வந்து நிற்கும்போது கேட்பது ஒன்று. எந்தப் புல எண் எந்தப் பயன்பாட்டுக்கு என்று மாஸ்டர் பிளானில், அதாவது நகரின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில், நிறம் தீட்டும் முன்பே கேட்பது மற்றொன்று. நம் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது முதலாவதை மட்டுமே.

மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவை. கழிவுநீர், மழைநீர் வடிகால், அடித்தளம் என நுணுக்கமாகப் பார்க்கவும், மீறினால் ஒருவரைப் பிடித்துக் கேட்கவும் இது உதவும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தலா 19,000 சதுர மீட்டரில் பத்துக் கட்டடங்கள் தனித்தனியாக எழும்பினால் ஒன்றுகூட இதில் சிக்காது. சதுப்புக்கோ மொத்தம்தான் கணக்கு. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. அந்த ஓட்டத்தை மறிப்பது எந்தத் தனிக் கட்டடமும் அல்ல, எல்லாம் சேர்ந்துதான். போதாக்குறைக்கு, கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் கிடையாது. மதிப்பீட்டு அறிக்கை எழுதும் ஆலோசகருக்குக் கூலி தருபவரும் கட்டுநரே.

ஐரோப்பிய ஒன்றியம் 2001 உத்தரவின் மூலம், நிலப் பயன்பாட்டுத் திட்டங்களையே ஒப்புதலுக்கு முன் மதிப்பிடச் சொல்கிறது; மாற்று வழிகளையும் காட்ட வேண்டும். பாதுகாக்கப்பட்ட வாழிடங்களுக்கு 1992 உத்தரவு இன்னும் கறார்: தனியாகவோ மற்றவற்றோடு சேர்ந்தோ பாதிக்குமா என்று பார்க்கச் சொல்கிறது. நமக்கு வேண்டியது அந்த ‘சேர்ந்தோ’தான்.

இதிலும் ஓட்டை உண்டு. திட்டம் தீட்டும் அமைப்பே தன் திட்டத்தை மதிப்பிடுகிறது. வரைவு முடிந்தபின் செய்தால் வெறும் சடங்கு. வரைபடம் புல எண் வரை இறங்காவிட்டால் பட்டாதாரர் நீதிமன்றம் போவார், பறவைகள் போக முடியாது.

இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு மாஸ்டர் பிளானுக்கே. இரண்டாம் மாஸ்டர் பிளான் 2008இல் வந்தது. சதுப்பில் சுமார் 1,248 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தளமாக, ஆனதோ 2022இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஓரங்களில் கட்டடங்கள் எழும்பிவிட்டன. மூன்றாவது பிளான் இப்போது தயாராகிறது. நீரோட்டத்தையும் வாழிடத்தையும் புல எண்வாரியாகக் குறித்த பிறகே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அதில் நிறம் தீட்ட வேண்டும். கட்டட மதிப்பீடும் தொடரட்டும், சதுப்பைச் சுற்றி மட்டும் 20,000 என்ற வரம்பைக் குறைத்து.