பூமலையின் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம்: விளையாடப் போய்ப் படித்துவிட்டு வரலாம்

சிங்கப்பூரில் தொடக்கநிலை வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள், பள்ளி விடுமுறைக்கு எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லும் இடம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், இருக்கும் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம். அதை ஒரு பெரிய விளையாட்டுத் திடல் என்று நினைத்துப் போகிறவர்கள் நிறைய பேர். மரவீடு, சறுக்கு, தொங்குபாலம், தண்ணீர் விளையாட்டு எல்லாம் இருப்பது உண்மைதான், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் சறுக்கு நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே இருக்கிறது. இங்கே போக வேண்டியது ஓடைக்காகவும் குளத்துக்காகவும் பழத்தோட்டத்துக்காகவும்.

தோட்டம் 2007இல் திறக்கப்பட்டது. பங்குத் தரகராக இருந்த கொடையாளர் ஜேக்கப் பாலாஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2017இல் இன்னும் விரிவாக்கி இப்போது 4 ஹெக்டேர் அளவில் இருக்கிறது. பண்ணை, பழத்தோட்டம், ஓடையும் குளமும் கொண்ட சிறு காடு ஆகியவை அந்த விரிவாக்கத்தில் வந்தவை. நுழைவுக் கட்டணம் கிடையாது. 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான இடம் என்பதால், பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் உள்ளே போக முடியாது. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். பிள்ளைகள் நம்மைத் தங்கள் இடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள்.

இதற்கு முன்னால் ஒரு தனியார் நிலையத்தின் ‘இயற்கை வகுப்பு’க்குப் பணம் கட்டி என் மகனை அனுப்பியிருந்தேன். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, காய்ந்த இலைகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அந்த இலை எந்த மரத்தினுடையது, அந்த மரம் எவ்வளவு உயரம், அதில் என்ன பறவை உட்காரும் என்று கேட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. காட்டினால்தானே தெரியும்?

சிறுவர் தோட்டத்துக் குளத்தோரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தட்டான் தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் எம்பி எம்பி, வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருந்தது. மகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். “அம்மா, அது வாலால தண்ணி குடிக்குதா?” அக்காக்காரிக்கு விஷயம் தெரியும். “முட்டை போடுதுடா” என்றாள். அப்புறம் கேள்விகள் வரிசையாக வந்தன. முட்டை மூழ்காதா? குஞ்சு எப்படி மூச்சு விடும்? தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள்ளேயே வளரும், செவுள்களால் மூச்சு விடும், கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும் என்று சொன்னேன். எங்கள் புளோக்கின் கீழே டெங்கி எச்சரிக்கைப் பதாகை தொங்கும். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது என்பது இங்கே பாலர்பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவனே கேட்டான்: “அப்ப இந்தக் குளத்துல தண்ணி தேங்கலாம், தட்டுல தேங்கக்கூடாது. ஏன்னா தட்டுல தட்டான் இல்ல. சரியாம்மா?” எந்தப் பயிற்சித்தாளும் அவனை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்காது.

என் அம்மா திருவையாற்றிலிருந்து வந்திருந்தபோதும் இங்கே கூட்டிப்போனேன். மரக்கிளையில் பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து போல ஒரு கூடு. பிள்ளைகள் பறவைக்கூடு என்றார்கள். “கிட்டப் போகாதீங்க, முசுறு! எங்க மாமரம் பூரா இதுதான். கடிச்சா தீயா எரியும்” என்று அம்மாச்சி இழுத்துப் பிடித்தார். எட்டி நின்றே பார்த்தோம். ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் விளிம்பையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. இலைகள் நெருங்கியதும் வேறு எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்வி வந்து, அவை சுரக்கும் பட்டிழையால் ஒட்டுமாம். மகள் வீட்டுக்கு வந்து தேடிப் படித்துச் சொன்னது. வாழ்நாளெல்லாம் முசுறோடு மல்லுக்கட்டிய அம்மாச்சிக்கே அது புதுச் செய்தி. பேத்தி சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்தால் கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போவதை விட இங்கே கூட்டிப்போங்கள்.

பண்ணைப் பகுதியும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவையானது. சமையலுக்கும் பானத்துக்கும் சாயத்துக்கும் எந்தெந்தச் செடி பயன்படுகிறது என்று காட்டும் இடம் அது. பேரங்காடியில் பொட்டலமாகப் பார்த்ததை வேரோடும் இலையோடும் பார்க்கிறார்கள். தகவல் பலகைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பலகை பலகையாகப் படிக்க வைத்தால் பிள்ளை ஓடிவிடும். முதலில் செடியைப் பார்க்கட்டும், முகரட்டும், கேள்வி வந்தபின் பலகையைப் படிக்கட்டும்.

போகும் முறை பற்றி இரண்டு வார்த்தை. திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள், அப்போதே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும், வார இறுதி என்றால் கூட்டமும் ஏறும். முதலில் ஓடையும் குளமும், அப்புறம் பழத்தோட்டமும் பண்ணையும், தண்ணீர் விளையாட்டு கடைசியில்தான். வரிசையை மாற்றினால் ஈரத்துணியோடு நிற்கும் பிள்ளைக்கு எந்தப் பூச்சியும் கண்ணில் படாது. மாற்றுத்துணி, கொசுத்தைலம், பிடிமானமுள்ள செருப்பு, தண்ணீர்ப் புட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று. மதியத்துக்கு மேல் இடி முழங்கினால் மரத்தடியில் நிற்காமல் கூரையுள்ள இடத்துக்கு வந்துவிடுங்கள். பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் புக்கிட் தீமா வாசல் பக்கத்திலேயே. அங்கிருந்து சின்ன நடைதான்.

என் கணிப்பில் இது தொடக்கநிலை ஒன்றிலிருந்து நான்கு வரைக்கும் மிகப் பொருத்தம். 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணுக்கான தேர்வுகளை எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தைத் துணைப்பாட வகுப்பால் நிரப்பாமல் மாதம் ஒரு காலைப்பொழுதை இதற்குக் கொடுங்கள் என்று தெரிந்த பெற்றோரிடமெல்லாம் சொல்லிவருகிறேன். பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சலிக்கலாம். பாதை போட்டு, வேலி கட்டி, ஆபத்தில்லாமல் அமைத்த தோட்டம் இது. நிஜக் காடு அல்ல. அந்த வயதுக்காரர்களைப் பூமலையிலேயே இருக்கும் மழைக்காட்டுக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். 1859இல் பூமலை அமைவதற்கு முன்பிருந்தே நிற்கும் இயற்கைக் காடு, சுமார் 6 ஹெக்டேர். சிறுவர் தோட்டத்திலிருந்து நல்ல தூரம் நடக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.