அவரைப் பந்தலுக்கு வேப்பெண்ணெயா, செம்பு மருந்தா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் மாலை மழைக்குக் குறைவில்லை. மழைக்கு மறுநாள் அவரை இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் செம்பழுப்புப் பொடி விரலில் ஒட்டினால் துரு நோய். கொழுந்தில் கறுப்பாக அப்பியிருந்தால் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. எந்த மருந்து என்பதை இந்தப் பார்வையே முடிவுசெய்துவிடும்.

அசுவினிக்கு என் ஓட்டு வேப்பெண்ணெய்க்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, எண்ணெய் கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல். பொழுது சாயும் நேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும். அசுவினியை விட்டுவைத்தால், இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழும் தேமல் நோயைச் செடிக்குச் செடி பரப்பிவிடும். தேமல் கண்ட செடியை எந்த மருந்தும் காப்பாற்றாது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கிவிடுங்கள்.

துரு, இலைப்புள்ளி போன்ற பூஞ்சை நோய்களுக்குச் செம்பு மருந்தான காப்பர் ஆக்ஸிகுளோரைடு மேல். ஆனால் அது வருமுன் காக்கும் மருந்து. விழுந்த புள்ளியை ஆற்றாது. நோய்பட்ட இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, எஞ்சியவற்றுக்கு அடியுங்கள். பெருமழை அதைக் கழுவிவிடும் என்பது பெரிய குறை. அதற்காக அடிக்கடி அடித்தால் செம்பு மண்ணிலேயே தங்கிவிடும். பிள்ளைகள் சாப்பிடும் காய் இது. டப்பாவில் போட்டிருக்கும் அளவையும், பறிப்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய நாள்களையும் மீறவே கூடாது.

பந்தல் நெருக்கமாக இருந்தால் முதலில் கொடியைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். தண்ணீரை இலையில் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள். பல வீடுகளில் செம்பு மருந்துக்குத் தேவையே வராது.